வேலி தாண்டி விழுந்த மான்: டெக்சஸில் போய் எடுக்கலாமா?

புதுவில்:
டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் மான் வேட்டைக்காக லீஸ் (குத்தகை) எடுத்த 40 ஏக்கர் நிலம். சதுரமாக இல்லை, ரிப்பன் மாதிரி இருக்கிறது: அகலம் 220 கஜம், நீளம் 880 கஜம். நீளவாட்டில் இரண்டு பக்கமும் அடுத்தவர் நிலம். எல்லையில் நாலரை அடி முள்கம்பி வேலி மட்டும்தான், மான் ஒரே தாவலில் தாண்டிவிடும். முன்பு லீஸ் எடுத்தவர்கள் விட்டுப்போன ஃபீடரும் (மானுக்குத் தீனி போடும் கருவி) பிளைண்டும் (மறைந்து உட்காரும் கூண்டு) கிழக்கு வேலியிலிருந்து 60 கஜத்தில் இருக்கின்றன. வில் சீசனுக்கும் அங்கேதான் உட்காருவதாகத் திட்டம், நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும் துப்பாக்கி சீசனுக்கும் அதே இடம்தான்.

அடிபட்ட மான் வேலி தாண்டிப் போய் விழுந்தால் துப்பாக்கியை இந்தப் பக்கம் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் இழுத்து வரலாமா? பக்கத்து நிலத்தில் போர்டு எதுவும் இல்லை. ஒரு சட்டம் "சுட்டதை எடுக்க முயற்சி செய்" என்கிறது, இன்னொன்று "தாண்டாதே" என்கிறது. எதைக் கேட்பது?

சீமைக்கருவேல்:
டெக்சஸில் கூடாது. துப்பாக்கி கையில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அடிபட்ட விலங்கைத் தொடர்ந்து எல்லை தாண்ட அந்த நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும், செத்துக் கிடப்பதை எடுப்பதற்கும் அதே விதிதான். காட்டு விலங்கு மாநில மக்களின் சொத்து, நிலத்துக்காரரின் சொத்து அல்ல என்பது உண்மை. அது மான் யாருடையது என்ற கேள்விக்குப் பதில், உங்கள் கால் எங்கே படலாம் என்பதற்குப் பதில் அல்ல.

போர்டு இல்லை என்பதும் உதவாது. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.05 பிரிவில், ஆட்களை வெளியே நிறுத்தவோ கால்நடையை உள்ளே வைக்கவோ போட்ட வேலியே அறிவிப்புதான். போர்டுக்குப் பதிலாக ஊதாப் பெயிண்டும் செல்லும்: குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம் உள்ள செங்குத்துக் கோடு, அதன் அடி தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில். காட்டு நிலமென்றால் 100 அடிக்குள் ஒன்று, மற்ற நிலத்தில் 1,000 அடிக்குள் ஒன்று. மரத்தில் மங்கிப்போன ஊதாக் கோட்டைப் பார்த்து யாரோ பெயிண்ட் சிந்திவிட்டதாக நினைக்கும் புதியவர்கள் நிறையப் பேர். அத்துமீறல் சாதாரணமாக கிளாஸ் பி குற்றம்: 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். ஆயுதத்தோடு போனால் கிளாஸ் ஏ: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். உயிரோடு கிடக்கும் மானை அங்கே போய் முடித்தால் "சம்மதமின்றி வேட்டை" என்ற இன்னும் பெரிய வழக்கும் சேரும்.

இரண்டு சட்டமும் முட்டிக்கொள்கின்றன என்கிறீர்கள், அப்படி இல்லை. எடுக்கும் சட்டம் கேட்பது நியாயமான முயற்சியை. பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிடுவது, கிடைக்காவிட்டால் கேம் வார்டனை (வேட்டைச் சட்டக் காவலரை) கூப்பிடுவது, அனுமதி வந்ததும் உடனே போவது, இவைதான் அந்த முயற்சி. எடுக்க முடியாமலே போனாலும் அந்த மானை, சீசனுக்கு இத்தனை மான் என்ற உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, அதுதான் முக்கியம். தோட்டாவும் எல்லை தாண்டக் கூடாது. வேட்டையில் சுடும் குண்டு எல்லைக்கோட்டைக் கடந்தாலே குற்றம். இரண்டு பக்கமும் உங்கள் நிலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நிலத்துக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மான் உங்கள் பக்கம் நின்றாலும், அதைத் துளைத்த குண்டு வேலிக்கு அப்பால் போனால் மாட்டிக்கொண்டீர்கள். புறா சுடும்போது பறக்கும் சிறு குண்டுகளுக்கும் இது பொருந்தும்.

இப்போது உங்கள் ரிப்பன் நிலம். அகலத்தின் சரியான நடுவில் நின்றால்கூட வேலி 110 கஜம்தான். இரண்டு நுரையீரலிலும் சுத்தமாக அடிபட்ட மானே 50 முதல் 150 கஜம் ஓடிவிட்டுத்தான் விழும். அப்படியிருக்க 60 கஜத்தில் ஃபீடர் என்றால் நல்ல அடி பட்டாலும் பாதி மான்கள் அந்தப் பக்கம்தான் விழும். முன்பு இருந்தவர்கள் ஏன் அங்கே வைத்தார்கள் என்று ஊகிக்கலாம்: பக்கத்து நிலத்து மானை மக்காச்சோளம் போட்டு இழுக்க. பக்கத்துக்காரருக்கும் அது தெரிந்திருக்கும். அனுமதி கேட்டுப் போகும்போது அவர் முதலில் நினைப்பது அதைத்தான்.

ஃபீடரை அகலத்தின் நடுவுக்கு நகர்த்துங்கள். பிளைண்டையும் நகர்த்தி, சுடும் திசை நிலத்தின் நீளவாட்டில் இருக்கும்படி வையுங்கள். அதோடு பிளைண்ட் தரையிலிருந்து 10, 12 அடி உயரத்தில் இருந்தால் குண்டு சரிந்து போய் மண்ணில் புதையும். 880 கஜம் இருக்கிறதே என்று சமதரையில் உட்கார்ந்து சுடாதீர்கள், ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். பிளைண்டை வைத்த பிறகு, வேலி எந்தக் கோணத்தில் பார்வைக்குள் வருகிறதோ அங்கே ஜன்னலை அடைத்துவிடுங்கள், ஒரு துண்டு பிளைவுட் போதும். மான் வந்து நிற்கும்போது கை பரபரக்கும், பிளைவுட் பரபரக்காது.

மோப்பம்:
மேலே சொன்னதோடு நான் தடம் பார்ப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வேலி தாண்டும் மான்களில் பலவற்றைத் தாண்டவைப்பது வேட்டைக்காரரின் அவசரம்.

அடிபட்ட மான் யாரும் தொடரவில்லை என்றால் முதல் அடர்ந்த புதரில் படுத்துவிடும். பத்து நிமிடத்தில் நீங்கள் எழுந்து போனால் அதுவும் எழுந்து ஓடும், இந்த முறை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சுட்டதும் எழுந்திருக்காதீர்கள். மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த இடம், ஓடிய திசை இரண்டையும் போனில் பதியுங்கள்.

காத்திருக்கும் நேரத்தை அடிபட்ட இடத்தில் கிடக்கும் ரத்தமும் முடியும் சொல்லும். வில்லாளிகளுக்கு அம்பே சொல்லிவிடும். குமிழி விட்ட இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், 30 நிமிடம் போதும். குமிழியே இல்லாமல் கருஞ்சிவப்பு என்றால் ஈரல், 4 முதல் 6 மணி நேரம். அம்பில் பச்சையோ பழுப்போ ஒட்டியிருந்து, முகர்ந்தால் புளித்த நாற்றம் வந்தால் குடலோ இரைப்பையோ, 8 முதல் 12 மணி நேரம். பளிச்சென்ற சிவப்பு முதலில் நிறையக் கொட்டி, 100 கஜத்தில் சொட்டாகி நின்றுபோனால் பெரும்பாலும் தசைக் காயம். அந்த மான் பிழைக்கக்கூட வாய்ப்புண்டு. கரடுமுரடான வெள்ளை முடி கிடந்தால் அடி கீழே வயிற்றுப் பக்கம் இறங்கியிருக்கிறது. அடிபட்டதும் மான் பின்காலை உதைத்துப் பாய்ந்தால் நெஞ்சுக்கூடு, முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு மெல்ல நடந்தால் குடல் என்று வைத்துக்கொள்ளலாம். இது உறுதியான சாட்சி அல்ல, ரத்தத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

டெக்சஸ் சிக்கல் வெப்பம்தான். அக்டோபர் முதல் வாரத்தில் 30 டிகிரிக்கு மேல் போகும்போது குடலடி மானை 12 மணி நேரம் விட்டால் இறைச்சி போய்விடும், நரி போன்ற கயோட்டிகளும் முந்திக்கொள்ளும். சீக்கிரம் போனால் மான் எழுந்து வேலி தாண்டும். இதற்கு நல்ல விடை கிடையாது. அந்த வெயிலில் சந்தேகமான கோணத்தில் அம்பு விடாமல் இருப்பதுதான் ஒரே வழி. உடம்பின் பக்கவாட்டைக் காட்டி நிற்கும் மான், அல்லது லேசாக அப்புறம் திரும்பி நிற்கும் மான், 20, 25 கஜத்துக்குள். நேராக உங்களைப் பார்த்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

தடம் பார்க்கும்போது ஒவ்வொரு ரத்தச் சொட்டுக்கும் அருகில் ஒரு துண்டு டாய்லெட் பேப்பர் வையுங்கள். பத்துத் துண்டு வைத்துத் திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும், வேலியை எந்த இடத்தில் தாண்டியிருக்கும் என்பதும் தெரியும். தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். துரு நிறப் பாறையிலும் இலையிலும் ரத்தமா கறையா என்று தெரியாவிட்டால் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு தெளியுங்கள், ரத்தம் நுரைக்கும். வேலியில் மேல்கம்பியைப் பாருங்கள், முடியோ ரத்தமோ அங்கே ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் நிறம் தெரியும் நாடா ஒன்றைக் கட்டிப் படம் எடுத்து, அங்கேயே நில்லுங்கள். அனுமதி கேட்கும்போது அந்தப் படம்தான் உங்கள் சாட்சி.

நாய் பற்றியும் கேட்பார்கள். டெக்சஸில் பெரும்பாலான கவுன்டிகளில் (மாவட்டங்களில்), ரத்தம் சிந்திப் போன மானைத் தேட இரண்டு நாய்கள் வரை பயன்படுத்தலாம். கிழக்கு டெக்சஸில் சில கவுன்டிகளில் தடை உண்டு, அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். நாய் தடம் பிடித்து வேலிக்கு வந்தாலும் கதை அதேதான், கயிற்றைப் பிடித்திருப்பவர் நிற்க வேண்டும். ட்ரோனை வார்டனிடம் கேட்காமல் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

காட்டோடி:
எல்லாரும் சட்டமே பேசுகிறீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் 30 கஜத்தில் மான் துடித்துக்கொண்டு கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்துக்காரர் போனை எடுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அறமா? இரண்டு நிமிட வேலை. போய் எடுத்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சீமைக்கருவேல்:
காட்டோடி, அந்த இரண்டு நிமிடத்தில் என்னென்ன நடக்கலாம் என்று பாருங்கள். அந்தப் பக்கத்திலும் சீசன்தான். அங்கே லீஸ் எடுத்தவர் 150 கஜத்தில் பிளைண்டில் உட்கார்ந்து அதே புதரை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கலாம். தனியார் நிலத்தில் ஆரஞ்சுச் சட்டை கட்டாயம் இல்லை, உங்களிடமும் இருக்காது. குனிந்து எதையோ இழுக்கும் பழுப்பு உருவம் அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்தது, துடிக்கும் மானிடம் வெறுங்கையோடு போவது. ஆண் மான் கொம்பால் குத்தும், பெண் மானின் குளம்பு கையைக் கிழிக்கும். முடிக்க ஆயுதம் வேண்டும், ஆயுதம் எடுத்தால் வழக்கு பெரிதாகும். பெரும்பாலும் என்ன ஆகும் என்றால், உங்களைக் கண்டதும் அது இன்னும் 200 கஜம் உள்ளே ஓடும். இரண்டு நிமிடம் இருபது ஆகும், மானும் கிடைக்காது.

துடிப்பைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு சண்டையே இல்லை. அதற்கான நேரம் விசையை அழுத்துவதற்கு முன்னால். ஆகஸ்டிலேயே பக்கத்துக்காரரின் எண் கையில் இல்லாதவர் வேலி ஓரத்தில் உட்காரக் கூடாது.

ஏரிக்கரை:
மற்ற மாநிலங்களில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை: டெக்சஸ் விதியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கிருந்து கேட்டதை டெக்சஸுக்கும் கொண்டுவராதீர்கள். மின்னசோட்டாவில், போர்டு வைக்காத நிலத்துக்குள், முறைப்படி சுட்டுக் காயம்பட்ட விலங்கை எடுக்க அனுமதி இல்லாமலே நடந்து போகலாம். எடுத்ததும் உடனே வெளியேற வேண்டும். வேட்டை நாயைத் திரும்பப் பிடிக்கத் துப்பாக்கி இல்லாமல் நடந்து போகலாம். பக்கத்திலேயே இருக்கும் விஸ்கான்சினில் தனியார் நிலம் என்றால் அனுமதி வேண்டும். ஆற்றின் ஒரு கரையில் சரி, மறு கரையில் குற்றம்.

வர்ஜீனியா இன்னும் விநோதம். அங்கே நரி, ரக்கூன் வேட்டைக்காரர்கள் நாய்களைத் தொடர்ந்து தடை செய்யப்பட்ட நிலத்துக்குள்ளும் போகலாம். மற்ற வேட்டைக்காரர்கள் நாயை மீட்க மட்டும் போகலாம், துப்பாக்கியோ வில்லோ கூடாது, வண்டியில் போகக் கூடாது, கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும். நாய் போகலாம், நாய்க்காக நீங்களும் போகலாம், சுட்ட மானுக்காகப் போக முடியாது! நாய் வேட்டை மரபின் செல்வாக்கு அப்படி.

"நான்தான் முதலில் துரத்தினேன், அதனால் என்னுடையது" என்ற வாதமும் அமெரிக்க நீதிமன்றத்தில் எப்போதோ தோற்றுவிட்டது. 1805இல் நியூயார்க்கில் பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கு. போஸ்ட் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டிருக்கிறார், பியர்சன் குறுக்கே வந்து கொன்று எடுத்துப் போகிறார். துரத்தியதால் மட்டும் உரிமை வராது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். பிடித்திருக்க வேண்டும், அல்லது தப்ப முடியாதபடி காயப்படுத்தியிருக்க வேண்டும். சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொத்துரிமைப் பாடத்தின் தொடக்கத்தில் இந்த நரிதான் ஓடுகிறது. தப்ப முடியாத காயம் மான் மேல் உங்களுக்கு உரிமை தரலாம். வேலிக்குள் நுழையும் உரிமையைத் தராது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். இந்த இழை உங்களுக்கு வெறும் வாசிப்பு.

புதுவில்:
நன்றி. ஃபீடரை நகர்த்திவிடுகிறேன். பக்கத்துக்காரரிடம் எப்படிக் கேட்பது? கிழக்குப் பக்கத்தில் வீடே இல்லை, உரிமையாளர் வெளியூர் போலிருக்கிறது. போனில் உள்ள வரைபட ஆப்பில் வேலிக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே சில அடி வித்தியாசம் காட்டுகிறது, எது சரி?

மோப்பம்:
ஆப் காட்டும் கோட்டை நம்பி அடி கணக்குப் பார்க்காதீர்கள். கோடும் தோராயம், போனின் ஜிபிஎஸ்ஸும் சில மீட்டர் தவறும். வேலி இருக்கும் இடத்தை எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள், கோடு வேலிக்கு உங்கள் பக்கம் விழுந்தால் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் உங்களுக்கு எது பாதகமோ அது.

உரிமையாளர் பெயரும் தபால் முகவரியும் அந்தக் கவுன்டியின் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து மதிப்பீட்டு அலுவலக) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், வரைபடத்தில் நிலத்தைத் தொட்டால் போதும். ஆகஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். அதில் நீங்கள் யார், எந்த நிலத்தில் லீஸ், வண்டி எண், போன் எண், எத்தனை பேர், எந்தத் தேதிகள். அதற்குப் பிறகு ஒரே ஒரு வேண்டுகோள்: மான் தாண்டி விழுந்தால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, உங்கள் ஆள் உடன் வந்தாலும் சரி, நடந்துபோய் எடுத்துவர விடுவீர்களா? வேட்டைக்கு அனுமதி கேட்கிறீர்கள் என்ற வாடையே வரக் கூடாது. ஃபீடரை நடுவுக்கு நகர்த்தியதை மறக்காமல் எழுதுங்கள், பத்து இனிய சொற்களைவிட அது வேலை செய்யும்.

அந்த நிலத்திலும் வேட்டை லீஸ் இருக்கலாம். லீஸ்காரர் "வா" என்றால் மட்டும் போதாது, நிலத்துக்காரரோ அவர் நியமித்த ஆளோ சொல்ல வேண்டும். லீஸ்காரரிடமும் சொல்லிவிட்டுப் போவது உயிருக்கு நல்லது. பதில் வாய்மொழியாக வந்தால், "நீங்கள் சொன்னபடி இன்னின்ன நிபந்தனையோடு" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அவர் "ஆம்" என்று போட்டதை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி கொண்டுவரலாமா, உயிரோடு இருந்தால் முடிக்கலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். எடுக்க அனுமதி என்றால் சுட அனுமதி என்று பொருள் இல்லை.

யாராவது உள்ளே விழுந்து காலை முறித்துக்கொண்டு தன் மேல் வழக்குப் போட்டுவிடுவார் என்ற பயம் பல நிலத்துக்காரர்களுக்கு உண்டு. வேட்டை போன்ற பொழுதுபோக்குக்காக உள்ளே விட்டவர்களின் பொறுப்பை டெக்சஸ் சிவில் சட்டத்தின் 75ஆம் அத்தியாயம் மட்டுப்படுத்துகிறது. பயந்தால் அதைப் பணிவாகக் குறிப்பிடலாம். முதல் கடிதத்திலேயே சட்டம் பேச வேண்டாம்.

அகப்பாட்டுத் தலைவன் தினைப்புனத்துக்கு வந்து "என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்பான், இலக்கணக்காரர்கள் அதைக் கெடுதி வினாதல் என்பார்கள். அவனுக்கு யானை சாக்கு. நமக்கு உண்மையாகவே மான் வேண்டும். என்றாலும் புனத்துக்கு வெளியே நின்று முதலில் கேட்கிறான் பாருங்கள், அதை அவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

சீமைக்கருவேல்:
அனுமதி வந்தபின் உள்ளே போகும்போது கவனிக்க வேண்டியவை. வேலி ஏறாதீர்கள், கேட் வழியாகப் போங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். மாடு வெளியேறினால் அடுத்த ஆண்டு உங்களுக்கு அனுமதி இல்லை, உங்களுக்குப் பின் வருபவருக்கும் இல்லை. மானைக் கண்டதும் முதல் வேலை டேக் (லைசன்ஸோடு வரும் சீட்டு): மாதம், தேதியை வெட்டி, இடத்தை மையால் எழுதிக் கட்டுங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் என்றால் ஆப்பில் பதியுங்கள். அங்கேயே குடலை எடுக்காதீர்கள். ஹில் கன்ட்ரி மான் பெரும்பாலும் 40 முதல் 60 கிலோதான், இரண்டு பேர் கயிறு கட்டி முழுசாக இழுத்துவிடலாம். வேலி மேல் தூக்கித்தான் போட வேண்டும் என்றால் கம்பத்துக்குப் பக்கத்தில் தூக்குங்கள், இரண்டு கம்பத்துக்கு நடுவில் போட்டால் கம்பி தொய்ந்துவிடும்.

நன்றியாக நிலத்துக்காரருக்கு முதுகுச் சதை கொடுப்பது வழக்கம். வேறொருவர் சுட்ட மானின் இறைச்சியை வைத்திருப்பவரிடம் வைல்ட்லைஃப் ரிசோர்ஸ் டாக்குமென்ட் என்ற தாள் இருக்க வேண்டும். விதிப் புத்தகத்திலேயே படிவம் இருக்கிறது, நிரப்பிக் கையெழுத்திட்டுப் பையோடு கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நன்றியால் அவர் வார்டனிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாலை வேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் ரிப்பன் நிலத்தில் வில்லோடு உட்காரும்போது அந்தக் கடைசி அரை மணியைப் பயன்படுத்தாதீர்கள். இருட்டில் தடம் பார்த்து, இரவு 9 மணிக்கு முன்பின் தெரியாதவரைப் போனில் எழுப்பி அனுமதி கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதுதான். காலை வேட்டையில் அந்தத் தொல்லை இல்லை.

காட்டோடி:
சரி, கடிதமும் போட்டாச்சு, கூப்பிட்டும் பார்த்தாச்சு, "கூடாது" என்றே சொல்லிவிட்டார் என்றால்?

சீமைக்கருவேல்:
கேம் வார்டனைக் கூப்பிடுங்கள். அவருக்கு நிலத்துக்குள் போகும் அதிகாரம் உண்டு, நிலத்துக்காரரிடம் பேசியும் பார்ப்பார். பலர் வார்டன் கூடவே வந்தால் சம்மதிக்கிறார்கள். ஆனால் உங்களை உள்ளே விடச் சொல்லி நிலத்துக்காரரைக் கட்டாயப்படுத்த வார்டனாலும் முடியாது. அதற்குப் பிறகும் கூடாது என்றால் கூடாதுதான். கூப்பிட்ட நேரங்களை எழுதிவைத்து, மானை உங்கள் சீசன் கணக்கில் சேர்த்துவிட்டு, அந்த வேலி ஓரத்தை அந்த சீசனுக்கு விட்டுவிடுங்கள்.